புது பேட்டரி போட்டும் லாரி செல்ஃப் எடுக்கவில்லை, அடுத்து எங்கே பார்ப்பது?

உப்புவண்டி_கரூர்:

அண்ணன்மாருக்கு வணக்கம். என்னுடையது 2014 மாடல் பத்துச் சக்கர லாரி, பிஎஸ்3 (பழைய புகை விதி), பழைய பம்ப் வண்டி. செகண்ட் ஹேண்டில் எடுத்து இரண்டு வருடம் ஆகிறது. தூத்துக்குடியில் உப்பு ஏற்றி ஈரோடு பக்கம் சாயப்பட்டறைகளுக்கும் திண்டுக்கல்லில் தோல் பதனிடும் இடங்களுக்கும் இறக்குவேன், நானே ஓட்டுகிறேன்.

மூன்று மாதமாக ஒரே தொல்லை. சாவி போட்டால் டேஷ்போர்டு விளக்கெல்லாம் பளிச்சென்று எரிகிறது, ஹாரன் நன்றாக அடிக்கிறது. ஸ்டார்ட்டுக்குத் திருப்பினால் கீழே "டக்" என்று ஒரே ஒரு சத்தம், அதோடு சரி, இன்ஜின் சுற்றவே இல்லை. நாலைந்து தடவை திருப்பினால் திடீரென்று ஒரு தடவை எடுத்துவிடும். போன வாரம் லோடோடு எலியார்பத்தி டோல் தாண்டி டீ குடிக்க நிறுத்தினேன், திரும்ப வந்து பார்த்தால் எடுக்கவில்லை, இரண்டரை மணி நேரம் அங்கேயே கிடந்தேன். அதிலிருந்து டீக்கடையில் நிறுத்தினாலும் இன்ஜினை அணைக்காமல்தான் இறங்குகிறேன், டீசல் வீணாகப் போகிறது.

இதுவரை செய்தது: இரண்டு பேட்டரியும் புதிது போட்டாயிற்று. செல்ஃப் மோட்டாரைக் கழற்றி கார்பன் பிரஷ், புஷ் எல்லாம் மாற்றியாயிற்று. சாவி சுவிட்சும் புதிது. எல்லாம் சேர்த்து நாற்பதாயிரத்தைத் தாண்டிவிட்டது, பிரச்சினை அப்படியே இருக்கிறது. இப்போது பட்டறையில் டைனமோவை மாற்றிப் பார்க்கலாம் என்கிறார்கள். இனி ஒரு சாமான் வாங்கக் கையில் காசில்லை. அடுத்த மாதம் எஃப்சி (தகுதிச் சான்று) வேறு வருகிறது. உண்மையில் எங்கே பார்க்க வேண்டும் என்று யாராவது சொல்லுங்கள்.


டீசல்_தம்பி:

அண்ணா, எனக்கு ஒரு தடவை இதே மாதிரி வந்தது, ஸ்டார்ட்டர் ரிலேயில் பாயின்ட் கருகிப்போயிருந்தது. ரிலே மாற்றியதும் சரியாகிவிட்டது. சின்னச் செலவுதான், முதலில் அதை மாற்றிப் பாருங்கள். சாவியிலிருந்து செல்ஃபுக்கு வரும் சின்ன ஒயரையும் இழுத்துப் பாருங்கள், சில வண்டியில் கிளிப் தளர்ந்திருக்கும்.


வயர்மேன்_சங்ககிரி:

தம்பி, முதலில் டைனமோவை மாற்றாதீர்கள். வண்டி நிற்கும்போது டைனமோவுக்கு வேலையே கிடையாது. பேட்டரியில் கரண்ட் இருந்து, அது செல்ஃபுக்குப் போய், போன கரண்ட் திரும்பி பேட்டரிக்கு வந்தால் இன்ஜின் சுற்றும். இதில் டைனமோ எங்கே வருகிறது? பேட்டரியை நிரப்பி வைப்பதுதான் அதன் வேலை, அதைப் பின்னால் பார்த்துக்கொள்ளலாம்.

ரிலே பற்றி மேலே தம்பி சொன்னது தப்பில்லை, ஆனால் இந்த வண்டிக்கு அது பொருந்துகிற மாதிரி தெரியவில்லை. சத்தத்தை வைத்தே பாதி கண்டுபிடித்துவிடலாம். சாவி திருப்பினால் கீழே சத்தமே இல்லை என்றால் சாவி சுவிட்ச், ரிலே, ஃபியூஸ், சின்ன ஒயர் இந்தப் பக்கம் போக வேண்டும். "டகடகடக" என்று தொடர்ந்து அடித்தால் பெரும்பாலும் பேட்டரி இறங்கியிருக்கும், இல்லையென்றால் டெர்மினல் லூசாக இருக்கும். உங்களுக்கு ஒரே ஒரு "டக்" வருகிறது. அப்படியென்றால் செல்ஃபுக்குப் பெரிய கரண்டைச் சேர்த்துவிடுகிற காந்த சுவிட்சான சொலினாய்டு வரை உத்தரவு வந்துவிட்டது, அது பெரிய பாயின்டையும் சேர்த்திருக்கிறது, அதற்கப்புறம் ஓட வேண்டிய பெரிய கரண்ட்தான் ஓடவில்லை. ஒன்று சொலினாய்டுக்குள் செம்புப் பாயின்ட் தேய்ந்திருக்கும், அல்லது பெரிய கேபிளில், இல்லை கரண்ட் பேட்டரி மைனஸுக்குத் திரும்புகிற எர்த்தில் எங்கோ அடைப்பு இருக்கும்.

இங்கே ஒரு கேள்வி. சாவியை ஸ்டார்ட்டில் பிடித்திருக்கும்போது டேஷ்போர்டு விளக்கு மங்குகிறதா? ராத்திரியில் ஹெட்லைட்டைப் போட்டுவிட்டுப் பாருங்கள். நன்றாக மங்கினால் பேட்டரி திணறுகிறது, அல்லது செல்ஃப் ஜாம் ஆகி அளவுக்கு மேல் இழுக்கிறது. மங்கவே இல்லை என்றால் பேட்டரியிலிருந்து பெரிய கரண்ட் வெளியே கிளம்பவே இல்லை என்று அர்த்தம், வழியில் எங்கோ தடை.

இன்னொன்று, நாலைந்து தடவை செல்ஃப் அடித்த உடனே ஆக்ஸிலேட்டர் கேபிளின் வெளி உறையைத் தொட்டுப் பாருங்கள், சூடாக இருக்கிறதா என்று. பார்த்துத் தொடுங்கள், சில நேரம் கையைச் சுட்டுவிடும். ஏன் கேட்கிறேன் என்று அப்புறம் சொல்கிறேன்.

ஒரு டிஜிட்டல் மீட்டர் வாங்கிக்கொள்ளுங்கள், சாதாரணமானது போதும், டிசி வோல்ட்டில் வையுங்கள். நீங்கள் மீட்டரைப் பிடியுங்கள், கிளீனர் செல்ஃப் அடிக்கட்டும். வண்டி நியூட்ரலில், ஹேண்ட்பிரேக் போட்டு, சக்கரத்துக்குக் கட்டை வைத்த பிறகுதான் இதெல்லாம். எழுத வேண்டிய கணக்கு இவ்வளவுதான்:

வண்டி ராத்திரி முழுக்க நின்ற பிறகு காலையில் ஒவ்வொரு பேட்டரிக்கும் தனித்தனியாக எவ்வளவு. நிறைந்த பேட்டரி 12.6 அல்லது 12.7 காட்டும், 12.2 என்றால் பாதிதான் இருக்கிறது, 12க்குக் கீழே என்றால் கிட்டத்தட்ட காலி. இரண்டையும் சேர்த்து மட்டும் பார்க்காதீர்கள், ஒன்று மட்டும் படுத்திருந்தால் கூட்டுத்தொகையில் அது தெரியாது.

அப்புறம் செல்ஃப் அடிக்கும்போது இரண்டும் சேர்ந்து எவ்வளவு. அதே நேரம் பேட்டரி பிளஸ் கட்டையில் ஒரு முனை, செல்ஃபில் பெரிய கேபிள் வந்து சேரும் போல்ட்டில் இன்னொரு முனை, அது எவ்வளவு. கடைசியாக பேட்டரி மைனஸ் கட்டையில் ஒரு முனை, செல்ஃப் மோட்டார் பாடியில் பெயின்ட் இல்லாத இடத்தில் இன்னொரு முனை. இந்தக் கடைசிக் கணக்கைத்தான் யாரும் பார்ப்பதில்லை. எல்லோரும் பிளஸ் பக்கமே பார்த்துக்கொண்டிருப்பார்கள். கரண்ட் போகிற வழி எவ்வளவு முக்கியமோ, திரும்பி வருகிற வழியும் அவ்வளவு முக்கியம். நல்ல வண்டியில் இந்தக் கடைசிக் கணக்கு அரை வோல்ட்டைத் தாண்டக் கூடாது.

முக்கியமான விஷயம்: செல்ஃப் அடிக்கும்போதே அளக்க வேண்டும். சும்மா நிற்கும்போது அளந்தால் ஒரே ஒரு நூல் கம்பி ஒட்டிக்கொண்டிருந்தாலும் 25 வோல்ட் காட்டும், டெஸ்ட் லேம்ப்கூட எரியும். அதை நம்பித்தான் ஆயிரக்கணக்கில் செலவு செய்கிறார்கள்.


பழைய_டிரைவர்:

தம்பிகளா, நடுவில் நான் ஒன்று சொல்லிவிடுகிறேன். இந்த மாதிரி செல்ஃப் எடுக்காத வண்டிக்கு யாராவது வந்து, கீழே படுத்து ஸ்பேனரை வைத்து செல்ஃபின் இரண்டு டெர்மினலையும் சேர்த்துவிட்டால் எடுத்துவிடும் என்பார்கள். நானும் அந்தக் காலத்தில் செய்திருக்கிறேன். ஒரு நாள் லாரி ஷெட்டில் என் கண் முன்னாலேயே ஒரு கிளீனர் பையன் அப்படிச் செய்தான், வண்டி கியரில் இருந்தது யாருக்கும் தெரியவில்லை. எடுத்த உடனே வண்டி முன்னால் பாய்ந்துவிட்டது. பையனுக்கு இடுப்பு எலும்பு உடைந்தது, உயிர் தப்பியதே பெரிது. சேசிஸுக்கு அடியில் தலையை வைத்துக்கொண்டு தயவுசெய்து இதைச் செய்யாதீர்கள், எவ்வளவு அவசர லோடாக இருந்தாலும்.

பேட்டரி பக்கத்தில் பீடி, சிகரெட்டும் வேண்டாம். சார்ஜ் ஏறும்போது அதிலிருந்து வருகிற கேஸ் தீப்பிடிக்கும், பேட்டரி வெடித்தால் ஆசிட் நேராகக் கண்ணுக்குத்தான் போகும். டெர்மினல் கழற்றும்போது மைனஸை முதலில், மாட்டும்போது மைனஸைக் கடைசியில். ஸ்பேனர் தவறி சேசிஸில் பட்டாலும் பொறி வராது.


உப்புவண்டி_கரூர்:

வயர்மேன் அண்ணே, பழைய டிரைவர் ஐயா, இரண்டு பேருக்கும் நன்றி. மீட்டர் வாங்கி இன்று காலை எல்லாம் பார்த்துவிட்டேன்.

விளக்கு மங்கவே இல்லை. கொஞ்சம் லேசாகக் குறைகிற மாதிரி இருந்தது, அவ்வளவுதான். ஆக்ஸிலேட்டர் கேபிளைத் தொட்டேன், அண்ணே, உண்மையிலேயே சுட்டது. பிளாஸ்டிக் உறை ஒரு இடத்தில் உருகிக்கூட இருக்கிறது. இத்தனை நாள் அது சைலன்சர் சூட்டில் ஆனது என்று நினைத்திருந்தேன்.

கணக்கு: ஒரு பேட்டரி 12.7, இன்னொன்று 12.3. செல்ஃப் அடிக்கும்போது இரண்டும் சேர்ந்து 23.6. பிளஸ் பக்கம் 0.4. மைனஸ் பக்கம் 8.9. நான் தப்பாக வைத்துவிட்டேனோ என்று மூன்று தடவை பார்த்தேன், 8.9, 8.7, 8.9 என்றுதான் வருகிறது. வண்டி எடுத்த பிறகு பேட்டரியில் 26.6 காட்டுகிறது.


வயர்மேன்_சங்ககிரி:

நீங்கள் சரியாகத்தான் வைத்திருக்கிறீர்கள், கிடைத்துவிட்டது. உங்கள் எர்த் போய்விட்டது.

கணக்கைப் பாருங்கள். பேட்டரி கொடுப்பது 23.6. போகிற வழியில் 0.4 போகிறது, அது ஒன்றுமில்லை. திரும்பி வருகிற வழியில் 8.9 போகிறது. செல்ஃப் மோட்டாருக்குக் கிடைப்பது 14.3 வோல்ட்தான். 24 வோல்ட் மோட்டாருக்கு 14 கொடுத்தால் சொலினாய்டு டக் என்று அடிக்கும், இன்ஜின் சுற்றாது. இன்னும் நாலு பேட்டரி போட்டாலும் சுற்றாது.

பேட்டரி மைனஸ் சேசிஸில் மாட்டியிருக்கும். இன்ஜினோ ரப்பர் மவுண்டிங் மேல் உட்கார்ந்திருக்கிறது, ரப்பர் வழியாகக் கரண்ட் போகாது. அதனால் இன்ஜினிலிருந்தோ கியர் பாக்ஸிலிருந்தோ சேசிஸுக்கு ஒரு பின்னல் பட்டை, அல்லது தடித்த கறுப்புக் கேபிள் போட்டிருப்பார்கள். செல்ஃபுக்குப் போன கரண்ட் முழுக்க அந்த ஒரு பட்டை வழியாகத்தான் திரும்ப வேண்டும். அது அரித்துப்போனால் கரண்ட் வேறு வழி தேடும், இன்ஜினையும் கேபினையும் இணைக்கிற இரும்பு எது கிடைத்தாலும் அதில் ஏறிக்கொள்ளும். ஆக்ஸிலேட்டர் கேபிள் அப்படித்தான் சூடாகிறது. அந்த மெல்லிய கம்பி செய்ய வேண்டிய வேலையா அது?

உங்கள் வண்டியில் இது நடந்ததில் ஆச்சரியமே இல்லை. உப்பு லோடு வண்டி. ஈர உப்பிலிருந்து கசிகிற தண்ணீர் பலகை இடுக்கு வழியாகச் சேசிஸில் இறங்கி, போல்ட், கேபிள் முனையில் இருக்கிற லக் எல்லாவற்றிலும் புகுந்துவிடும். இரும்பும் செம்பும் தொடுகிற இடத்தில் உப்புத் தண்ணீர் நின்றால் எவ்வளவு வேகமாக அரிக்கும் என்று என்னிடம் வருகிற தூத்துக்குடி, வேதாரண்யம் வண்டிகளில் பார்த்திருக்கிறேன். வெளியே பார்க்கப் பட்டை முழுசாக இருக்கும், உள்ளே பச்சையாகப் பொடிந்திருக்கும்.

எதையும் கழற்றுவதற்கு முன் ஐந்து நிமிடச் சோதனை ஒன்று செய்யுங்கள். தடித்த ஜம்பர் கேபிள் ஒன்றை முதலில் இன்ஜின் பிளாக்கில் சுத்தமான இரும்பில் மாட்டி, மறுமுனையைச் சேசிஸுக்கு எர்த் போகிற பேட்டரி மைனஸ் கட்டையில் மாட்டுங்கள். இரண்டு பேட்டரியையும் சேர்க்கிற பாலத்தின் மைனஸில் மாட்டிவிடாதீர்கள், அது ஷார்ட் ஆகிவிடும், கவனம். இப்போது செல்ஃப் அடியுங்கள். எடுத்துவிட்டால் சந்தேகமே வேண்டாம்.

பிறகு பழைய பட்டையைத் தூக்கிப் போட்டுவிட்டு 70 ஸ்கொயர் எம்எம் செம்புக் கேபிள், இரண்டு பக்கமும் லக் அழுத்தி, புதிதாகப் போடுங்கள். லக்கைக் கையால் சுத்தியலில் அடித்து மடக்காதீர்கள், அழுத்துகிற மெஷின் உள்ள கடையில் செய்யுங்கள். சேசிஸில் மாட்டுகிற இடத்தில் பெயின்ட், துரு எல்லாம் போய் வெள்ளை இரும்பு தெரிகிற வரை உப்புத்தாள் போட்டுத் தேயுங்கள். ஸ்டார் வாஷர் வைத்து முறுக்கி, முறுக்கிய பிறகு மேலே வாசலைனோ கிரீஸோ நன்றாகப் பூசுங்கள். பேட்டரி மைனஸ் சேசிஸில் சேரும் போல்ட்டையும் அதே மாதிரி செய்யுங்கள், ஒன்றைச் செய்து ஒன்றை விடாதீர்கள்.

26.6 பற்றியும் சொல்கிறேன். டைனமோ இன்ஜினில்தான் மாட்டியிருக்கிறது, அதன் எர்த்தும் இதே பட்டைதான். அதனால் சார்ஜும் முழுசாக ஏறவில்லை. பட்டை சரியானதும் 27.5க்கு மேல் வரும் பாருங்கள், வந்தால் டைனமோவில் ஒன்றுமில்லை.

இன்னொன்று கேட்க வேண்டும். புது பேட்டரி இரண்டும் ஒரே நாளில் போட்டது, ஒன்று 12.7, ஒன்று 12.3. கேபினில் பாட்டுப் பெட்டி, செல்போன் சார்ஜர் எல்லாம் ஒரே பேட்டரியிலிருந்து 12 வோல்ட் எடுத்து மாட்டியிருக்கிறீர்களா?


உப்புவண்டி_கரூர்:

அண்ணே, வண்டி ஒரே திருப்பில் எடுக்கிறது. சனிக்கிழமையிலிருந்து பத்துப் பதினைந்து தடவை அணைத்து அணைத்துப் பார்த்துவிட்டேன், ஒரு தடவைகூட ஏமாற்றவில்லை.

ஜம்பர் கேபிள் மாட்டிய உடனே எடுத்துவிட்டது. மூன்று மாதத்துக்கு அப்புறம் அந்தச் சத்தத்தைக் கேட்டதும் எனக்குக் கண்ணே கலங்கிவிட்டது. பட்டையைத் தேடிப் பார்த்தால் கியர் பாக்ஸ் பக்கத்தில், மண்ணும் உப்பும் கெட்டியாகப் படிந்து கிடந்தது, ஸ்க்ரூ டிரைவரால் சுரண்டித்தான் போல்ட் தலையையே கண்டுபிடித்தேன். கையால் வளைத்ததும் பட்டை பிஸ்கட் மாதிரி உடைந்துவிட்டது. உள்ளே ஏழெட்டு இழைதான் செம்பு நிறத்தில் இருந்தது, மீதி எல்லாம் பச்சைப் பொடி. சேசிஸ் பக்கம் முந்தைய ஓனர் பெயின்ட் அடித்து அதன் மேலேயே லக்கை முறுக்கியிருக்கிறார்.

புதுக் கேபிள், லக், கூலி எல்லாம் சேர்த்து ஆயிரத்து எண்ணூறு ரூபாய் ஆனது. இப்போது கணக்கு: செல்ஃப் அடிக்கும்போது பேட்டரி 22.1, பிளஸ் பக்கம் 0.7, மைனஸ் பக்கம் 0.3. வண்டி ஓடும்போது 27.9. பிளஸ் பக்கம் 0.4லிருந்து 0.7 ஆகிவிட்டதே, அது ஏன்? பேட்டரியும் முன்னைவிட அதிகமாக இறங்குகிறதே?

நீங்கள் கேட்டது சரிதான், பாட்டுப் பெட்டி, இரண்டு சார்ஜர், கேபினுக்குள் சின்ன ஃபேன் எல்லாம் ஒரே பேட்டரியில்தான் இருக்கிறது. வாங்கும்போதே அப்படித்தான் இருந்தது.


வயர்மேன்_சங்ககிரி:

நல்ல செய்தி, மனசுக்கு நிம்மதியாக இருக்கிறது.

0.7 பற்றிப் பயப்படாதீர்கள். முன்னால் கரண்ட் சரியாக ஓடவில்லை, அதனால் கேபிளில் இழப்பும் குறைவு, பேட்டரியும் இறங்கவில்லை. இப்போது முழுக் கரண்ட் ஓடுகிறது, அதனால் இரண்டும் கொஞ்சம் கூடுகிறது. செல்ஃபுக்கு 21 வோல்ட் போய்ச் சேருகிறதே, அதைப் பாருங்கள்.

பாட்டுப் பெட்டி, சார்ஜர் எல்லாவற்றையும் அந்த ஒரு பேட்டரியிலிருந்து கழற்றி, 24 வோல்ட்டை 12 ஆக்குகிற கன்வெர்ட்டருக்கு இந்த வாரமே மாற்றிவிடுங்கள், இல்லையென்றால் புது பேட்டரி இரண்டும் சீக்கிரம் போய்விடும். டைனமோ இரண்டு பேட்டரிக்கும் சேர்த்து 28 வோல்ட் கொடுக்கிறது, யாருக்கு எவ்வளவு என்று பிரித்துக் கொடுக்க அதற்குத் தெரியாது. ஒரு பேட்டரியிலிருந்து மட்டும் தினமும் இழுத்தால் அது எப்போதும் அரை வயிறு. இன்னொன்றுக்கு அளவுக்கு மேல் ஏறித் தண்ணீர் கொதித்து வற்றிக்கொண்டே இருக்கும். பழைய பேட்டரியில் ஒன்றில் மட்டும் அடிக்கடி டிஸ்டில்ட் வாட்டர் ஊற்றினீர்களா? ஊற்றியிருப்பீர்கள்.


உப்புவண்டி_கரூர்:

ஆமாம் அண்ணே, ஒன்றுக்கு மட்டும் மாதம் இரண்டு தடவை ஊற்றுவேன். அந்த பேட்டரிதான் கெட்டது என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.


பிஎஸ்6_ஓனர்:

வயர்மேன் அண்ணே, புது வண்டிக்கும் இதே சோதனைகள்தானா? என் வண்டியில் நிறைய சென்சார், கை வைக்கவே பயமாக இருக்கிறது.


வயர்மேன்_சங்ககிரி:

பெரிய கேபிள், எர்த், செல்ஃப் எல்லாம் அதே கதைதான், மீட்டர் வைத்து அளப்பதால் ஒன்றும் ஆகாது. ஆனால் கிளட்ச் அல்லது நியூட்ரல் சுவிட்ச் ஒத்துக்கொள்ளவில்லை என்றால் இன்ஜின் கம்ப்யூட்டரான இசியு செல்ஃபுக்கு உத்தரவே கொடுக்காது, அதனால் சத்தமே வராவிட்டால் முதலில் ஸ்கேனர் போட்டுப் பாருங்கள். டெஸ்ட் லேம்பை இசியு ஒயரில் குத்தாதீர்கள். பாடியில் வெல்டிங் வேலை வந்தால் பேட்டரி டெர்மினலையும் இசியு கனெக்டரையும் கழற்றாமல் யாரையும் தொட விடாதீர்கள், அப்படிப் போன இசியுக்கள் நிறைய. சாவியை அணைத்த உடனே பேட்டரி கட் ஆஃப் சுவிட்சைத் திருப்பாதீர்கள். புகையைச் சுத்தம் செய்கிற யூரியா லைன் தன்னைத்தானே காலி செய்துகொள்ள இரண்டு மூன்று நிமிடம் வேண்டும், இல்லையென்றால் உள்ளே யூரியா படிகமாகி அடைத்துக்கொள்ளும்.


உப்புவண்டி_கரூர்:

அண்ணே, கடைசியாக ஒன்று. 24ஐ 12 ஆக்குகிற கன்வெர்ட்டர் எத்தனை ஆம்பியர் வாங்கட்டும்? கடையில் 5, 10, 20 மூன்றும் இருக்கிறது.


வயர்மேன்_சங்ககிரி:

பாட்டுப் பெட்டி, இரண்டு சார்ஜர், சின்ன ஃபேன், இவ்வளவுதான் என்றால் 10 போதும். பெரிய ஆம்ப்ளிஃபயர் வைக்கிற எண்ணம் இருந்தால் 20. இரண்டு பேட்டரிக்கும் சேர்ந்த 24 வோல்ட்டிலிருந்து இன்புட் எடுங்கள், பேட்டரியிலிருந்து ஒரு சாண் தூரத்துக்குள் ஃபியூஸ் வையுங்கள், ஒயர் சேசிஸில் உரசுகிற இடத்தில் எல்லாம் குழாய் போடுங்கள். மாட்டுவதற்கு முன் 12.3 காட்டுகிற பேட்டரியை மட்டும் தனியாகக் கழற்றிக் கடையில் ஒரு ராத்திரி சார்ஜ் போட்டு மற்றதற்குச் சமமாக்கிவிடுங்கள். மாட்டிய ஒரு வாரம் கழித்துக் காலையில் இரண்டையும் தனித்தனியாக அளந்து இங்கே எழுதுங்கள்.